"இந்த மெஷின்ல மாத்திடவா?"

"அண்ணா, இந்த மெஷின்ல பைத்தானை 3.8-க்கு மாத்திடவா?" என்று கேட்டாள், எங்கள் குழுவில் இருந்த பெண். பைத்தான் ஒரு நிரல்மொழி, 3.8 அதன் ஒரு பதிப்பு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி, மாத்திடும்மா" என்றேன். ஐந்து நொடிகூட இருக்காது. அதைச் சரிசெய்ய அரை நாள் போனது. அந்த அரை நாள் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இந்த ஐந்து நொடிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடிய, நாலைந்து பேர் பொதுவில் பயன்படுத்திய கணினி அது. அதோடு வருவது பைத்தான் 3.6. அவள் எழுதிய நிரலில் வால்ரஸ் குறி (:=) இருந்தது, அது 3.8-இல்தான் வந்தது, அதனால் ஓட்டினால் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதியது புரியவில்லை என்ற பிழை. அவள் 3.8-ஐப் பக்கத்திலேயே நிறுவினாள். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. அப்புறம் பைத்தான்3 என்ற பெயரில் இருந்த சிம்லிங்க்கை, அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் கோப்பை, 3.8 பக்கம் திருப்பிவிட்டாள். அவள் நிரல் ஓடியது. ஆனால் கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் திறக்கவில்லை. சொடுக்கினால் கொஞ்ச நேரம் சுற்றும், அப்புறம் ஒன்றும் இல்லை.

காரணம் தெரிந்தபின் எளிதுதான். அந்த உபுண்டுப் பதிப்பில் டெர்மினலைத் துவக்குவதே ஒரு சின்னப் பைத்தான் நிரல். அதற்கு வேண்டிய நூலகத்தின் ஒரு பகுதி 3.6-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டது, 3.8-ஆல் அதை ஏற்ற முடியாது. மென்பொருள் பொதிகளை நிறுவும் சில கருவிகளுக்கும் இதே கதிதான், அவற்றுக்கு வேண்டிய ஆப்ட்_பிகேஜி என்ற நிரல் மாட்யூலே இல்லை என்று பிழை வந்தது. கடைசியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், சிம்லிங்க்கைப் பழையபடி 3.6-க்குத் திருப்பினோம். ஒரே ஒரு கட்டளை. அரை நாள் போனது அதைக் கண்டுபிடிக்கத்தான், அதற்குள் ஒருவர் டெஸ்க்டாப்பையே மறுபடி நிறுவிப் பார்த்திருந்தார்.

நான் ஏன் சரி என்றேன்? இதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. பைத்தான் பதிப்புகளை மாற்றிக்கொள்ள உதவும் பைஎன்வ் என்ற கருவியை நான் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். கணினி கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாத் வரிசையில், ஷிம் எனப்படும் தன் சின்ன இடைநிலை நிரல்கள் உள்ள கோப்புறையை அது முன்னால் வைத்துக்கொள்ளும், பைத்தான் என்று தட்டினால் முதலில் ஷிம் அதைப் பிடிக்கும், நிற்கும் கோப்புறையிலும் அதற்கு மேலும் பதிப்பு எழுதிய கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற பைத்தானிடம் அனுப்பும். இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானை அது தொடுவதே இல்லை. அதனால் என் காதில் 'பைத்தானை மாத்துறது' என்றால் ஒரு கோப்புறைக்குள் ஒரு சின்னக் கோப்பு. அவளுக்கோ அது கணினியின் பைத்தான். ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பேசியிருக்கிறோம், அதில் யார் தப்பு?

இப்படி எனக்கே சொல்லிக்கொள்வேன், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும். அப்புறம் 'இந்த மெஷின்ல' என்று அவள் சொன்னது நினைவுக்கு வரும். 'என் ப்ராஜெக்ட்ல' என்று அவள் சொல்லவில்லை. தெளிவாகத்தான் கேட்டிருக்கிறாள், கேட்க வேண்டிய ஆளிடமும் கேட்டிருக்கிறாள். கவனிக்காதது நான்.

இதைவிட உறுத்துவது, மேலாளர் என்ன ஆச்சு என்று கேட்டபோது நான் சொன்ன பதில். "சிஸ்டம் பைத்தானை மாத்திட்டாங்க சார், இப்போ சரி பண்ணியாச்சு." யாரையும் பேர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள், அவர் அவளைத்தான் பார்த்தார். சரி என்று சொன்னது நான் என்று அங்கேயே சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. பெரிதாக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றுதான் இன்றும் சொல்வேன், அதை நானே முழுதாக நம்புகிறேனா என்றால் தெரியவில்லை.

இப்போது வருகிறவர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் பாதுகாப்பாகியிருக்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் என்ற நிறுவும் கருவி வழியாக எதையாவது நிறுவப் போனால் அதுவே மறுத்துவிடும், சிஸ்டம் பைத்தானைத் தொடாத தனி இடமாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கிக்கொள் என்று வழியும் சொல்லும். அதைப் பார்த்தபோது, இது முன்பே இருந்திருந்தால் அன்று தப்பித்திருப்போமே என்று தோன்றியது. யோசித்தால் அதுவும் சரியில்லை. சிம்லிங்க்கைத் திருப்புவதை அது தடுக்காது. அன்று தடுத்திருக்கக்கூடிய இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் அதற்கப்புறம் என்னிடம் வாயால் எதையும் கேட்பதில்லை. ஓட்டப்போகும் கட்டளையை அப்படியே செய்தியில் அனுப்பி, நான் எழுத்தில் பதில் தந்தால்தான் ஓட்டுகிறாள். நல்ல பழக்கம் என்று குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள், மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொல்லி நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை அவள் செய்தி வரும்போதும் இது பழக்கமா, என்மேல் நம்பிக்கை போனதா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று நடந்ததைப் பற்றி நான் எழுதிய அறிக்கை இன்னும் குழுவின் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. 'இயல்பான பைத்தான் பதிப்பு தவறுதலாக மாற்றப்பட்டது' என்று ஒரு வரி. திருத்தும் உரிமை என்னிடம்தான். இரண்டு தடவை திறந்து, 'என் ஒப்புதலுடன்' என்று சேர்த்து, சேமிக்காமல் மூடியிருக்கிறேன்.