பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றவர்களுக்குக் கறையான்

ஞாயிற்றுக்கிழமை தெலுக் பகாங் போன பஞ்சாயத்து நம்ம குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் ஓயவில்லை.

பினாங்கு தேசியப் பூங்கா. வழிகாட்டியோடு கெராச்சுட் கடற்கரை வரைக்கும் நடை, 3.5 கிலோமீட்டர் போல. பெரியம்மாவைத் தவிர 9 பேர். பெரியம்மா மட்டும் "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் எங்க ஏறுறது, நீங்க போங்கய்யா" என்று நுழைவாயில் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கையில் தைலக் குப்பி.

கிளம்பும்போதே வழிகாட்டித் தம்பி எல்லாம் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் பை கையில் தொங்கக் கூடாது. அந்தச் சரசரப்பு கேட்டாலே நீளவால் குரங்குக்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. பிடுங்கினால் கையோடு தின்னாது, கன்னத்துப் பையில் அடைத்துக்கொண்டு ஓடும். அதன் கண்ணையே முறைக்கக் கூடாது, முறைத்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். சித்தி உடனே தேங்காய் பன் பையைக் கைப்பைக்குள் திணித்தார். வாயைத் திணிக்க வழியில்லை.

9 பேர் ஒற்றையடிப் பாதையில் போனால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் 15 மீட்டர் விழும். முன்னால் போகிறவர் கண்ணாடிக் குரங்கை (கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ளது) பார்ப்பார், நடுவில் இருப்பவர் வாலைப் பார்ப்பார், கடைசி ஆள் கிளை ஆடுவதைப் பார்ப்பார். அதனால்தான் வழிகாட்டி கையை மூடி உயர்த்தினால் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தரையில் பாதி கடித்த பழம், புதிதாக விழுந்த இலை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்கு நேர் மேலே தேட வேண்டும். 5 நிமிஷம் அசையாமல் நின்றால் காடு நம்மை மறந்துவிடும். எங்கள் சாதனை 40 விநாடி. சித்தியின் போனில் முருகன் பாட்டு வந்துவிட்டது.

பெரியப்பாவின் தூரநோக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கியது, 20x50, அதாவது 20 மடங்கு பெருக்கிக் காட்டும், முன் வில்லை 50 மில்லிமீட்டர். பெரிய எண் என்றால் பெரிய சாமான் என்பது அவர் சித்தாந்தம், தொலைக்காட்சியும் அப்படித்தான் வாங்கினார். காட்டுக்குள் 8x42தான் சௌகரியம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஒளிவட்டம் கண்ணுக்குக் கிடைக்கும். 50ஐ 20ஆல் வகுத்தால் இரண்டரைதான். அதில் பார்த்தால் காலை 9 மணிக்கே மரநிழலில் மக்ரிப் நேரம் போல இருட்டிவிடும். கை நடுக்கத்தையும் அது 20 மடங்காக்கிக் காட்டும். போதாததற்கு, அவர் மிருகத்தை விட்டுக் கண்ணை இறக்கி, மூடியைக் கழற்றி, துடைத்து, பிறகு வானத்தில் தேடுகிறார். கண்ணை இலக்கிலேயே வைத்துக்கொண்டு கருவியை முகத்துக்கு உயர்த்த வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

ஒரு தடவை வழிகாட்டி "அந்த மரத்தில் கொலுகோ இருக்கலாம்" என்று கிசுகிசுத்தார். காலுக்குக் கால் தோல் விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் பிராணி. பகலில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும், புடைப்பு என்றுதான் தோன்றும். பெரியப்பா பார்த்தது புடைப்பேதான். பத்து நிமிஷம் பார்த்தார். "மூச்சு விடுது" என்றார்.

கடைசியில் ஒன்பது பேரும் தெளிவாகப் பார்த்தது கறையான் வரிசை. பகல் வெளிச்சத்திலேயே கறுப்பாக, வாயில் பாசி உருண்டையோடு ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும் வகை. நிஜமாகவே அருமையான காட்சி. "இதைப் பார்க்கவா காசு? நம்ம வீட்டு அலமாரியிலேயே இருக்கே" என்றார் சித்தி.

கெராச்சுட்டில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாகக் கலக்காமல் நிற்கும் ஏரி ஒன்று உண்டு. மழை பெய்தால்தான் ஏரி. நாங்கள் போனபோது அது சேறு. திரும்புவதற்குப் படகு பிடித்தோம், அதில் ஒருத்தரும் ஒருத்தரோடு பேசவில்லை.

பெரியம்மா அதே பெஞ்சில் இருந்தார்.

"வந்துட்டீங்களா? கண்ணைச் சுத்தி வெள்ளை அடிச்ச குரங்கு குடும்பமே வந்துச்சு. இடுப்புல ஒரு குட்டி, லட்டு கலர்ல. அப்புறம் அந்தத் தண்ணில நாய் மாதிரி நாலு, மீன் பிடிச்சுத் தின்னுச்சு. என்னா சத்தம் போடுதுங்க!"

வழிகாட்டித் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். காட்டு விளிம்பில் வெயில் உண்டு, தளிர் உண்டு, பக்கத்தில் தண்ணீர் உண்டு. அங்கே ஒரு மனுஷி மூன்றரை மணி நேரம் அசையாமல், பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்தால் நீர்நாய் வராமல் என்ன செய்யும்?

101ஆம் நம்பர் பஸ்ஸில் கொம்தார் வந்து சேரும் வரைக்கும் பெரியப்பா, பெரியம்மா தண்ணீரில் பார்த்தது பூனைதான் என்று நிரூபித்துக்கொண்டே வந்தார்.