ஆட்டோஃபேஜியில கை வைக்கிற கேன்சர் வைரஸ்கள்

ஆட்டோஃபேஜின்னா செல் தனக்குள்ள கெட்டுப்போன பாகங்கள பையில கட்டி லைசோசோம்ங்கிற செல்லோட செரிமான அறைக்கு அனுப்பி கரைக்கிறது, இது எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2016ல ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு நோபல் குடுத்தாங்க. உள்ள நுழைஞ்ச வைரஸும் இதுல மாட்டிக்கும், அதனால வைரஸ்களுக்கு இது பெரிய தலைவலி.

1994ல கண்டுபிடிச்ச கபோசி சர்கோமாங்கிற கேன்சர வரவைக்கிற ஹெர்பெஸ் வைரஸ பாருங்க, நம்ம செல்லுல இருக்குற பிசிஎல்-2 புரோட்டீன் மாதிரியே ஒரு புரோட்டீன் சொந்தமா வச்சிருக்கு, அது பை கட்ட தேவைப்படுற பெக்லின்-1 புரோட்டீன புடிச்சுக்கும், வைரஸோட இன்னொரு புரோட்டீன் அதே வேலைக்கு வேணும்ங்கிற ஏடிஜி3ய மடக்கிடும், ஆக பை உருவாகுறதே தடைபடுது. எப்ஸ்டீன்-பார்ங்கிற இன்னொரு கேன்சர் வைரஸ் வேற ரூட்டு. பெருகுற நேரத்துல பைய உருவாக விட்டுட்டு லைசோசோமோட சேர விடாம தடுத்து, அந்தப் பையிலயே ஏறி செல்லுக்குள்ள நகருது.

எனக்கு ரொம்ப கவலையா இருக்குறது மோனோசைட்ங்கிற வெள்ளை ரத்த அணு விஷயம்தான். அது டென்ட்ரிடிக் செல்லா மாறினாத்தான் கிருமிய எதிர்த்து சண்டை போடுற டி செல்லுக்கு எதிரிய நல்லா அடையாளம் காட்டும், அப்படி மாற ஆட்டோஃபேஜி வேணும், ரெண்டு வைரஸும் அந்த ஆட்டோஃபேஜியத்தான் அங்கயே அமுக்குது. கபோசி வைரஸ் டென்ட்ரிடிக் செல்லுல ஸ்டாட்3ங்கிற புரோட்டீனோட சிக்னலயும் தூண்டி விடுது, கூடவே ஐஎல்-10 வெளிய வருது, அது டி செல்லோட வேகத்த தணிக்கிற சரக்கு. இப்படி காவல் அடங்கிப்போன உடம்புல கட்டி வளர்றதுக்கு தடையே கொறஞ்சுடுது, எய்ட்ஸ் நோயாளிகள்கிட்ட கபோசி கட்டி அவ்வளவு அதிகமா வந்ததும் எதிர்ப்பு சக்தி சரிஞ்சதாலதான்.