நெய்ச்சோற்றுக்காகக் கைவிட்ட காமா கதிர் வெடிப்பு

ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் அறிவிப்பு என் போனில் வந்து விழுந்தபோது இரவு ஏழே முக்கால் இருக்கும். 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, மீலாது. கீழக்கரைத் தெரு முழுக்க சீரியல் பல்பு. வீட்டில் மௌலூது முடிந்து நெய்ச்சோற்றுச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் என் எட்டு அங்குலத் தொலைநோக்கி, கேமரா, லேப்டாப் எல்லாம் தயாராக இருந்தன. நான் போனை ஒருதரம் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் எங்கள் மாடிக்கு மேலே இருந்தது, மனிதர்கள் இதுவரை பதிவு செய்ததிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பின் பின்னொளி, அதாவது வெடித்த பிறகு மெல்ல மங்கும் மிச்ச ஒளி. பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு முறைதான் இப்படி ஒன்று வரும் என்று பிற்பாடு கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலைக் கொட்டவும்தான்.

அறிவிப்புகளுக்குப் பதிவு செய்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இந்த அறிவிப்புகளை எல்லோருக்கும் அனுப்பும் நாசாவின் ஜிசிஎன் தளத்தில் மின்னஞ்சலைக் கொடுத்தால் முடிந்தது. எந்தச் செயற்கைக்கோளின் அறிவிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டேன். ஃபெர்மி செயற்கைக்கோளில் ஜிபிஎம் என்று ஒரு கருவி இருக்கிறது. வானத்தின் பெரும்பகுதியை ஒரே நேரத்தில் பார்க்கும், நிறைய வெடிப்புகளைப் பிடிக்கும். ஆனால் எங்கே என்று கேட்டால் 'அந்தப் பக்கம்' என்று கையைக் காட்டும், அவ்வளவுதான். பிழை பல பாகைகள் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் எவ்வளவு வானம் மறையுமோ அவ்வளவு. என் கேமராவின் பார்வைப் பரப்பு முழுநிலா அகலம்.

இது தெரியாமல், முந்தின வருஷம் ஒரு ஃபெர்மி அறிவிப்பை நம்பி, ஊர் வெளிச்சம் இல்லாத இடம் வேண்டுமென்று ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் பக்கம் கடற்கரைக்கு மச்சானின் ஆம்னியில் போனேன். அரைமணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. கறுப்புப் பெட்டி, நீளக் குழாய், ராத்திரி பதினோரு மணி, கடற்கரை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

"பெட்டில என்ன, கடல் அட்டையா?"

"இல்ல சார், டெலஸ்கோப்."

"எங்க பாக்குறீங்க? சிலோனையா?"

காமா கதிர் வெடிப்பை விளக்க ஆரம்பித்தேன். ஒரு பெரிய நட்சத்திரம் செத்துக் கருந்துளையாகும்போது, அதிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கும் தாரை, அது நம் திசையில் இருந்தால் சில விநாடிகளுக்குக் காமா கதிர் மின்னல், அந்தத் தாரை சுற்றியிருக்கும் வாயுவில் மோதிய பிறகு எக்ஸ் கதிரிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் மெல்ல மங்கும் பின்னொளி என்று. 'கருந்துளை' வரைக்கும்தான் கேட்டார்கள். பெயர், விலாசம், வண்டி நம்பர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்த முஷ்டி அளவு வானத்தில் எதைத் தேடுவது? அன்றிலிருந்து ஃபெர்மியை அணைத்து வைத்தேன். கடற்கரைக்குப் போவதையும் விட்டேன். உப்புக்காற்றில் ஆடியின் பூச்சு வேறு போகிறது. மொட்டை மாடியே போதும். பிடிவாதமாகக் கடற்கரைக்குத்தான் போவேன் என்றால், பகலிலேயே காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஸ்விஃப்ட் அப்படியில்லை. 2004 நவம்பரில் ஏவியது, இதற்கென்றே கட்டியது. அதன் காமா கதிர்க் கருவி முதலில் சில கலைநிமிடத் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) துல்லியத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கும். உடனே செயற்கைக்கோள் தானாகவே அந்தப் பக்கம் திரும்பி, எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் சில கலைவிநாடி (கலைநிமிடத்திலும் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்கு நெருக்கிக் கொடுத்துவிடும். கேமராவை அங்கே திருப்பினால் பொருள் நடுவில் வந்து நிற்கும். அதனால் ஸ்விஃப்ட் அறிவிப்பு வந்தால் சோறு, தூக்கம் எதையும் பார்க்காமல் ஓடுவது என்று ஒரு விதி வைத்திருந்தேன்.

அந்த விதியை ஏன் மீறினேன் என்பதுதான் கதை.

அன்று அறிவிப்பைப் பார்த்ததும் ஓடத்தான் எழுந்தேன். உம்மா, "ஒரு வாயாவது வச்சிட்டுப் போ வாப்பா" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் போனைத் தள்ளினால், இடக்குறி பால்வழியின் தளத்திலிருந்து நாலு பாகைதான் தள்ளியிருந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கச் சுற்றறிக்கையும் வந்தது. அதில் வைத்திருந்த பெயர் ஸ்விஃப்ட் ஜே1913.1+1946. காமா கதிர் வெடிப்பு என்றால் அதன் ஆங்கிலச் சுருக்கமான ஜிஆர்பி என்று தொடங்கித் தேதி வர வேண்டும். இந்தப் பெயருக்கு அர்த்தம், நம் பால்வழி மண்டலத்துக்குள்ளேயே ஏதோ ஒரு எக்ஸ் கதிர் இரட்டை நட்சத்திரம் கொஞ்சம் பொங்கியிருக்கிறது என்பது மாதிரி. கிழக்கே முழுநிலா வேறு. மீலாது பிறை பன்னிரண்டில் வருவதால் எப்போதுமே நிலா இருக்கும், அன்று பௌர்ணமியே சேர்ந்துகொண்டது. 'நம்ம ஊர் நட்சத்திரம்தானே, நாளைக்கும் இருக்கும்' என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். அப்புறம் தொதல். அப்புறம் தூக்கம்.

காலையில் கடையைத் திறந்து (கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன்) போனைப் பார்த்தால் பெயர் மாறியிருக்கிறது. ஜிஆர்பி 221009ஏ. நடந்தது இதுதான்: உண்மையான வெடிப்பை ஃபெர்மி எங்கள் நேரம் மாலை 6.47க்கே பிடித்துவிட்டது. அப்போது ஸ்விஃப்டுக்கு அந்தத் திசை பூமிக்குப் பின்னால் மறைந்திருந்தது. 53 நிமிடம் கழித்து 7.40க்கு ஸ்விஃப்ட் அலறியது வெடிப்பைப் பார்த்து அல்ல, மிச்சமிருந்த பின்னொளியைப் பார்த்து. ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பே அதன் காமா கதிர்க் கருவியை எழுப்பிவிட்டிருக்கிறது என்றால் நெருப்பு எப்படி எரிந்திருக்கும்! அதனால்தான் முதலில் எல்லோருக்கும் குழப்பம். நான் கோபத்தில் அணைத்து வைத்திருந்த ஃபெர்மி அறிவிப்பு இருந்திருந்தால், நேரத்தையும் திசையையும் சேர்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்திருக்கலாம். ஆகவே முதல் எச்சரிக்கை: ஃபெர்மியைத் துரத்தாதீர்கள், ஆனால் அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டாவது: சுற்றறிக்கையில் என்ன பெயர் வைத்திருந்தாலும் படத்தை எடுத்து வைத்துவிடுங்கள். பெயரை நாளைக்கு மாற்றிக்கொள்வார்கள், வானத்தை மாற்ற முடியாது.

அந்த இடம் திருவோண நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் வடமேற்கே. 7.40க்கு எங்கள் ஊரில் ஏறக்குறைய உச்சி. நள்ளிரவு தாண்டித்தான் மறைந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். மறுநாள் மாலை மேகம். அதற்குள் அது என் கருவிக்கு எட்டாத அளவுக்கு மங்கியும்விட்டது.

சரி, கண்ணால்தான் விட்டோம், விண்தொலைநோக்கியின் தரவையாவது வாங்கிப் பார்ப்போம் என்று தோன்றியது. இங்கேதான் ஒரு நாள் முழுசாக வீண். யாரோ சொன்னதைக் கேட்டு, மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்குப் போனேன். கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அலுவலகத்தில் இருந்தவர் தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"என்ன விஷயம்?"

"ஸ்விஃப்ட் டேட்டா விஷயமா ஹெச்ஓடியைப் பாக்கணும் சார்."

"ஸ்விஃப்ட்டா? கார் கம்பெனியா நீங்க?"

விளக்கினேன். எந்த நிறுவனம், ஃபார்வர்டிங் லெட்டர் எங்கே, முத்திரை எங்கே என்றார். நான் சொந்தக் கடைக்காரன், முத்திரை என்றால் ஜிஎஸ்டி முத்திரைதான் இருக்கிறது. "லெட்டரோட வாங்க, ஹெச்ஓடி இன்னைக்கு லீவு" என்றார். அந்தக் கடைசி மூன்று வார்த்தையை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில், பரமக்குடி தாண்டும்போது, போனில் தேடினேன். ஸ்விஃப்ட் தரவு எல்லாமே பொதுத் தரவு. எடுத்த சில மணி நேரத்தில் இணையத்தில் ஏறிவிடுகிறது. லெட்டர் வேண்டாம், முத்திரை வேண்டாம், கணக்குகூடத் தொடங்க வேண்டாம். யாரும் இறக்கிக்கொள்ளலாம். யாரிடமாவது அனுமதி கேட்கப் போவதற்கு முன்னால் அனுமதி தேவையா என்று பாருங்கள்.

அந்தத் தரவைத் திறந்து அலச உதவும் ஹீசாஃப்ட் மென்பொருளை நிறுவ இரண்டு ராத்திரி. முதல் ராத்திரி பாதியில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. அதற்கு மேல் எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் 'கால்டிபி இல்லை' என்று ஒரே பல்லவி. அது கருவியின் அளவுத்திருத்தத் தொகுப்பு. மொத்தத்தையும் இறக்க எங்கள் ஊர் இணையத்தில் உட்கார்ந்தால் ரமலானே வந்துவிடும். தொலைவிலிருந்தே தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைக்க வழி இருக்கிறது, கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் நாலாம் நாள்தான் படித்தேன்.

முதலில் இறக்கிய எக்ஸ்ஆர்டி கோப்பைத் திறந்தால் படம் இல்லை, ஒரு கோடு. கெட்டுப்போன கோப்பு என்று மூன்று தடவை மறுபடி இறக்கினேன். பொருள் மிகப் பிரகாசமாக இருந்தால் எக்ஸ்ஆர்டி வேகமாகப் படிப்பதற்காக ஒரு பரிமாணத்தை விட்டுவிடுமாம். டபிள்யூடி முறை என்று பெயர். முழுப் படம் வேண்டுமென்றால் பிசி முறைக் கோப்பைத் தேட வேண்டும். நடுநடுவே தரவு இல்லாத இடைவெளியையும் பார்த்துப் பயப்படாதீர்கள். ஸ்விஃப்ட் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருதரம் பூமியைச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும்.

அடுத்து ஒளிமங்கல் வரைபடம். ஆரம்பம் தட்டையாக வந்தது. பின்னொளி என்றால் மங்க வேண்டுமே! இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிழை கோப்பில் இல்லை, என் பூஜ்யத்தில். கோப்புத் தலைப்பில் இருந்த ஸ்விஃப்டின் நேரத்தையே வெடிப்பு நேரமாக வைத்துவிட்டேன். உண்மையான பூஜ்யம் ஃபெர்மியின் நேரம். அந்த 53 நிமிடத்தைச் சேர்த்ததும் புள்ளிகள் எல்லாம் சரிந்து இறங்கும் ஒரே கோட்டில் போய் உட்கார்ந்தன. கடையில் தனியாகக் கை தட்டினேன். சார்ஜர் வாங்க வந்த பெரியவர் ஒரு மாதிரி பார்த்தார்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்த நாட்களின் பிசி முறைப் படங்களில் இருந்தது. நடுவில் பின்னொளி, அதைச் சுற்றி வளையங்கள். வெடிப்பின் எக்ஸ் கதிர் நம் பால்வழிக்குள் வரும்போது வழியில் இருக்கும் தூசு மேகங்களில் பட்டுச் சிதறி, கொஞ்சம் சுற்றுவழியில், கொஞ்சம் தாமதமாக வந்து சேர்வதால் உண்டாகும் வளையங்கள் அவை. நாளாக ஆக விரிகின்றன. ஒரே நாள் படத்தில் பெரிய வளையம் என்றால் கிட்டத்து மேகம், சின்ன வளையம் என்றால் தூரத்து மேகம். எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கி இருபது வளையங்கள் வரை பிரித்துப் பார்த்திருக்கிறது. எனக்குத் தெளிவாகக் கிடைத்தவை இரண்டுதான், மூன்றாவது இருக்கிறது என்று நான் மட்டும் சொல்கிறேன். ஆரத்தையும் தாமதத்தையும் வைத்துப் பள்ளிக்கூடக் கணக்கு போட்டால் மேகத்தின் தூரம் வந்துவிடுகிறது. 190 கோடி வருஷம் பயணம் செய்து வந்த ஒளி, கடைசிக் கட்டத்தில் தூசு தட்டிக் கொடுத்த கணக்கு.

பின்னொரு நாள்தான் தெரிந்தது, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஒவ்வொரு ஸ்விஃப்ட் வெடிப்புக்கும் எக்ஸ்ஆர்டி வரைபடத்தைத் தானாகவே போட்டு வைக்கிறார்கள் என்று. ஒரு கிளிக்கில், என்னுடையதைவிடச் சுத்தமாக. முதலில் அங்கே பாருங்கள். அப்புறம் ஆசையிருந்தால் நீங்களே போட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்றைக்கும் உறுத்துவது ஸ்விஃப்டில் இருக்கும் மூன்றாவது கருவியின் படம். யூவிஓடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் புற ஊதாவையும் பார்ப்பது. அந்த முதல் ராத்திரிப் படத்தில் பின்னொளி சாதாரண நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி, ஒளித்தரம் 16.6 (எண் கூடக்கூட மங்கல்) என்று போட்டிருந்தார்கள். விண்தொலைநோக்கி என்றதும் என்னவோ பிரம்மாண்டம் என்று நினைத்திருந்தேன். அதன் ஆடி 30 சென்டிமீட்டர். என்னுடையது 20. நிலா இல்லாத ராத்திரியில் அரைமணி நேரப் படங்களைச் சேர்த்து 17 வரை நான் எடுத்திருக்கிறேன். நிலா இருந்தாலும் சிவப்பு வடிகட்டி போட்டு முயன்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடும்.

இப்போது 2024இல் ஏவிய ஐன்ஸ்டைன் ப்ரோப், எஸ்விஓஎம் செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்துகொண்டதால் போன் அடிக்கடி அடிக்கிறது. ஃபெர்மியையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். அதற்குத் தனி ரிங்டோன், சத்தம் குறைவாக. ஸ்விஃப்டுக்கு வைத்திருக்கும் சத்தத்தைக் கேட்டால் உம்மாவே தட்டின் மேல் மூடியைப் போட்டுவிட்டு, "மாடிக்குப் போயிட்டு வா, சோறு எங்கயும் போகாது" என்கிறார். போன வாடையில் அப்படி நாலு தரம் ஏறினேன். நாலு தரமும் மேகம்.