உள்பேடைப் பார்க்காமல் பிரேக் நல்லாயிருக்கிறது என்று சொல்லாதீர்கள்

அலாய் வீலின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நிறைய இருக்கு சார்" என்று சொல்லி அனுப்புவது பட்டறைகளில் சகஜம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்துபவை பிரேக் பேடுகள். டார்ச் அடிக்கும்போது கண்ணில் படுவது வெளிப்பேடு மட்டுமே. பேடைத் தள்ளும் பிஸ்டனை ஒட்டியிருக்கும் உள்பேடுதான் பெரும்பாலும் முதலில் தீரும்.

சின்னக் கார்களின் முன்சக்கரக் காலிப்பர், அதாவது பேடுகளையும் பிஸ்டனையும் தாங்கும் கவ்வி, இரண்டு பின்களின் (pin) மேல் உள்ளும் வெளியுமாக நகர வேண்டும். பின்னை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் இறங்கும், கிரீஸ் காயும், துரு ஏறும். காலிப்பர் இறுகிப்போனால் மொத்தச் சுமையும் உள்பேடு மேல்தான். வெளியே 7 மி.மீ., உள்ளே 2 மி.மீ. என்று தேய்வது இப்படித்தான். பின்னைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் தடவாமல் பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடுக்கும் இதே கதிதான்.

ஆகவே சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். சமதளம், ஹேண்ட் பிரேக், கியர், பின்சக்கரத்துக்குக் கட்டை. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியின் சீல் எப்போது எண்ணெய் விடும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் டிஸ்கைத் தொட்டால் கை வெந்துவிடும், ஆறட்டும்.

புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. ஆனால் மாற்றிவிடுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பின்னாலுள்ள இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்து ஏமாறுவதுண்டு. தகடே கிட்டத்தட்ட 5 மி.மீ. வரும்! தேய்ந்தால் கிறீச்சிடும் தகரப் பட்டை எல்லாப் பேடிலும் இருக்காது, சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமனை அதிலேயே பொறித்திருப்பார்கள். விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பில் வெர்னியர் அளவுகோல் உட்கார்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பேடு உரசும் இடத்தில் மைக்ரோமீட்டர் வையுங்கள்.

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பேடு தேயத் தேய பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். கசிவு இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்; குறைகிறதே என்று நிரப்பிவைத்தால், புதுப் பேடுக்காகப் பிஸ்டனைத் தள்ளும்போது அது வழிந்து பெயின்ட்டை அரிக்கும். பிஸ்டனைத் தள்ளியபின் முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். கெட்டியாகும்வரை மிதித்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.