பதினாறாம் பிரிவு

கொழும்பில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், சிங்கள வாக்குமூலங்களைச் சிறைக்குக் கொண்டுபோய்க் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவதுதான் என் வேலை. அவர்களே சொல்லிக் கையெழுத்திட்டதாக இருக்கும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பலர் என் வாயால்தான் முதலில் கேட்டார்கள்.

"தம்பி, இதெல்லாம் நான் சொன்னனெண்டா இருக்கு?" என்று ஒரு ஐயா கேட்டார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும் அளவுதான் அவருக்குச் சிங்களம் தெரியும்.

பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்பது இலங்கையின் சாதாரண சாட்சியச் சட்டம். 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அதன் 16ஆம் பிரிவுப்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்த ஒப்புதல் செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதை அடிவாங்கியவரே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்?

சித்திரவதையை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை முற்றாகத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குறைந்தது 7 வருடச் சிறைக்குரிய குற்றம். ஆனாலும் ஒரு கையெழுத்தே வழக்கை முடித்துவிடும் என்றால், அந்தக் கையெழுத்துக்காக அடிக்கத்தான் செய்வார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒப்புதல் தானாகக் கொடுத்ததா, அடித்து வாங்கியதா என்று நீதிமன்றம் தனியாகப் பார்ப்பதுதான் உண்மை விளம்பல் விசாரணை. அதில் எங்களுக்குக் கைகொடுப்பது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. தடுப்புக் காவல் அப்போது 18 மாதம் வரை போகும் (2022இல்தான் 12 ஆக்கினார்கள்). அதற்குள் கண்டல் காயம் ஆறிவிடும். அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எப்போது வைத்தியரிடம் கொண்டுபோனார்கள், பக்கத்தில் பொலிஸ் நின்றதா? அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி வேறு. உள்ளே இருப்பவர் எப்படிப் போடுவார்?

இந்தச் சட்டத்தில் ஒப்புதலை வைத்தே தண்டிக்கப்பட்ட சிங்கராசா என்பவரின் வழக்கை சேர்தான், அதாவது என் மூத்த சட்டத்தரணிதான், எனக்குப் படிக்கத் தந்தார். சிங்கள வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம், 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35. நிரூபிக்கும் பாரத்தை அவர்மேல் போட்டது நியாயமான விசாரணைக்கு எதிரானது என்று 2004இல் ஐநா மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

குண்டு வெடித்த நகரத்தில் வாழ்ந்தவன் நான். அம்மா கடைக்குப் போய்த் திரும்பும்வரை வாசலில் நின்றிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அடித்து வாங்கிய பொய்யை நம்பினால் குண்டு வைத்தவன் வெளியேதான் இருப்பான்.

அந்த ஐயா வாக்குமூலத்தை மறுபடி மெதுவாக வாசிக்கச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். "அது என்ர ஊரே இல்லை, தம்பி." அந்த வரியைக் கோடிட்டு அன்று மாலையே சேரிடம் கொடுத்தேன்.