மஞ்சள் விற்ற சீட்டும் ஜெர்மனி விசாவும்

என் மனைவி ஜெர்மனியில் நர்ஸ். நான் ஈரோடு மாவட்டம் அறச்சலூர் பக்கம் பண்ணையம் பார்க்கிறேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன ஆம்பளைகளைப் பார்க்க அவர்கள் வீட்டுப் பெண்கள் விசா எடுத்துப் போய்வந்த கதை எங்கள் ஊரில் நிறைய உண்டு. பொண்டாட்டியைப் பார்க்கப் புருசன் விசா எடுத்த கதை எனக்குத் தெரிந்து இதுதான் முதல். அதனால் விவரம் கேட்க ஆள் இல்லை. தேடினால் கிடைக்கிற குறிப்புகளும் சம்பளக்காரர்களுக்காக எழுதியவை. சம்பளச் சீட்டு, லீவு லெட்டர், முதலாளி கொடுக்கும் ஆட்சேபணை இல்லாச் சான்று என்று ஆரம்பிக்கும். நான் மாட்டிடமா போய் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது? என்னைப் போன்ற பண்ணையக்காரர் யாராவது இனிமேல் இந்த வழியில் போனால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எந்த விசா என்பது. அங்கேயே போய்ச் சேர்ந்து குடியிருப்பதற்கான குடும்ப விசா வேறு. அதற்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் ஏ1 என்கிற ஆரம்ப நிலைத் தேர்வு எழுத வேண்டும், அங்கே வீடு போதுமான அளவில் இருக்க வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரி விடுதியில் ஒற்றை அறை. எனக்கும் காட்டை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் இல்லை. ஆகவே எடுத்தது ஷெங்கன் எனப்படும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா. 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். நான் கேட்டது ஒரு மாசம்.

எப்போது போவது என்று முடிவு செய்வதே பெரும்பாடு. வைகாசி, ஆனியில் மஞ்சள் நடவு. தை, மாசியில் வெட்டு. பிறகு வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, பாலிஷ் போட்டு, விற்பனைக்கூடத்துக்கு ஏற்றி விலை பார்த்து விற்றுமுடிக்கப் பங்குனி ஆகிவிடும். ஆவணி பிறப்பதை ஒட்டிக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். அதற்கப்புறம் நெல் வேலை, நகர முடியாது. ஆக, எனக்கென்று இருப்பது சித்திரை ஒன்றுதான். அவளோ, வார்டில் லீவு லிஸ்ட்டை வருசம் பிறக்கும் முன்னாலேயே போட்டுவிடுவார்கள் என்றாள். “மாமா, தேதியைச் சொல்லிப்போடுங்க, அப்பறம் மாத்த முடியாதுங்க” என்று ஐப்பசியிலேயே கேட்டவளுக்கு மஞ்சள் எப்போது காயும் என்று நான் எப்படிச் சொல்வேன்? குத்துமதிப்பாகச் சித்திரை நடுவில் என்றேன்.

எங்கள் பேச்செல்லாம் போனில்தான். குளிர் காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் மூன்றரை மணி ஆகிவிடும். நைட் டூட்டி முடித்து அங்கே காலை ஆறரைக்கு அவள் கூப்பிட்டால் குளிர் காலத்தில் எனக்கு மணி பதினொன்று. வெட்டு நடக்கிற காட்டில் ஆள்கள் நடுவில் நின்று பேச வேண்டும். சொந்த விசயம் எதுவும் பேச முடியாது. அப்படியே பழகி எங்கள் பேச்சு முழுக்கக் காகித விசயமாகவே ஆகிப்போனது. “சிட்டா எடுத்துட்டீங்களா?” என்பதுதான் அந்த மாசங்களில் எங்கள் கொஞ்சல்.

அவள் பக்கத்து வேலையும் ஒன்று இருந்தது. அழைக்கிறவர் அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டி, வருகிற ஆளுக்கு ஆகும் செலவெல்லாம் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் ஜெர்மன் பெயர் ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும். நாங்கள் பொறுப்புப் பத்திரம் என்றே சொல்லிக்கொண்டோம். கட்டணம் 29 யூரோ. ஒப்புக்காக வாங்குவதில்லை. எனக்கு அங்கே காய்ச்சல் வந்து அரசாங்கம் செலவு செய்ய நேர்ந்தால் அவளிடம் வசூலிப்பார்கள். விண்ணப்பத்தோடு வைக்க அசலே வேண்டும், நகல் ஆகாது. ஊருக்கு வந்த கூட வேலை செய்யும் பெண் கையில் கொடுத்துவிட்டாள்.

இதைக் கேட்ட என் சித்தப்பா ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். “ஏன்டா, சொசைட்டி கடனுக்கு ஊரெல்லாம் ஜாமீன் போட்டவன் நீ. உனக்கு அம்மிணி ஜாமீன் போட்டிருக்குதா!” ஊரில் இதைச் சொன்னவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. அது கிடக்கட்டும்.

இனி முக்கியமான இடம். ஏன் போகிறாய் என்பதற்கு ஒரு வரி போதும், மனைவியைப் பார்க்க. கல்யாணப் பதிவுச் சான்றிதழ், அவளுடைய பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அனுமதி அட்டை நகல், ஒரு அழைப்புக் கடிதம், அதோடு அந்தப் பகுதி முடிந்தது. மீதிக் கோப்பு முழுக்க ஒரே கேள்விக்குப் பதில்: திரும்பி வருவாயா? சம்பளக்காரருக்கு லீவு லெட்டரே பதில். பண்ணையக்காரருக்கு?

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் வரிக் கணக்குத் தாக்கல் செய்தாலும் அதில் உள்ள தொகையைப் பார்த்தால் இவன் பிழைப்பதே அதிசயம் என்று தோன்றும். வங்கிக் கணக்கும் அப்படித்தான். வருசம் பூராவும் ஆயிரம் ரெண்டாயிரம் என்று போய்வந்துகொண்டிருக்கும். பங்குனியில் மஞ்சள் பணம் மொத்தமாக வந்து விழும். விண்ணப்பத்துக்கு முந்தைய மாதங்களின் கணக்கை அவர்கள் பார்க்கும்போது, விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்டதுபோல் இருக்கும். இதற்கு நான் செய்தது: ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் விற்றதற்குக் கொடுக்கும் சீட்டுகளை மூன்று வருசத்துக்குத் தேடி எடுத்து, ஒவ்வொரு வருசமும் அதே பருவத்தில் அதுபோலப் பணம் வந்திருப்பதைப் பாஸ்புக்கில் அடிக்கோடிட்டுக் காட்டினேன். பால் சொசைட்டிக் கணக்கும் வைத்தேன். அது பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வரும் பணம், சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. ஆடிட்டர் ஒருவரிடம் சொத்து மதிப்புச் சான்றும் வாங்கினேன்.

நிலத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல். பட்டாவும் சிட்டாவும் அரசு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எங்களுடையது தம்பியோடு கூட்டுப் பட்டா. அதைப் பார்த்தால் என் பங்கு எவ்வளவு என்று தெரியாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் சேர்த்தேன். எல்லாம் தமிழில் இருப்பதால் ஈரோட்டில் ஒருவரிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புக்குத் தாள் கணக்கில் காசு. பத்திரத்தில் நாலு எல்லையும் விவரித்த பக்கங்களை முழுசாகப் பெயர்க்கத் தேவையில்லை, சுருக்கம் போதும் என்று அவரே சொன்னது நல்ல மனசு.

பயிர்க் கடன் ஒன்று கூட்டுறவு சங்கத்தில் நடப்பில் இருந்தது. அதைக் காட்டலாமா, மறைக்கலாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். கடனுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று நினைப்பார்கள் என்பது தம்பி கட்சி. கடன் கட்ட வந்துதான் ஆக வேண்டும் என்று நினைப்பார்கள் என்பது சித்தப்பா கட்சி. நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மறைத்தது பிறகு தெரிந்தால் அதைவிட மோசம்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம் எழுதினேன். எப்போது மஞ்சள் நடவு, விதை மஞ்சள் நிழலில் எப்படிக் குவித்து வைத்திருக்கிறது, எத்தனை மாடு, நான் இல்லாத மாசம் யார் பார்ப்பார்கள், வைகாசிக்கு நான் ஏன் வந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. அவளைப் பார்க்கப் போக முடியாமல் இத்தனை நாள் எது எது என்னைக் கட்டிப்போட்டதோ, அத்தனையும் வரிசையாக என் பக்கம் சாட்சி சொல்ல வந்து நின்றது.

பெயர் விசயத்தில் முன்கூட்டியே கவனம் வையுங்கள். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கிறது. ரேசன் கார்டில் இனிஷியல். பழைய பத்திரத்தில் அப்பாரு காலத்து வழக்கப்படி சாதிப் பட்டத்தோடு. மூணு தாளில் மூணு ஆள். இத்தனை பெயரும் ஒருவனுடையதே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு, கோப்பில் மேலாக வைத்துவிட்டேன்.

மற்றவை சுலபம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆன்லைனில் வாங்கலாம். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், கல்யாண ஸ்டுடியோக்காரர் பழக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கினால் ஆகாது. டிக்கெட்டை முன்பதிவாக மட்டும் காட்டினால் போதும். விசா வருமுன் காசு கட்டி வாங்காதீர்கள். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்பத்தை வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாசம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். என்னைப் போல மஞ்சள் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள் அப்பாயின்ட்மென்ட்டை முன்பே பிடித்து வைப்பது நல்லது.

ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் சென்னை சென்ட்ரல். விசா மையத்தில் கேள்வி எதுவும் பெரிதாகக் கேட்பதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. காகிதம் வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை. எனக்குச் சிக்கலானது கைரேகை. பத்து விரலும் வைக்க வேண்டும். மண்வெட்டி பிடித்த கை, அதிலும் மஞ்சள் வெட்டு முடிந்த கையோடு போயிருக்கிறேன். விரல் நுனியில் ரேகை இருந்த இடம் காய்ப்பு. ரேசன் கடையிலேயே எங்கள் அம்மாவுக்கும் எனக்கும் ரேகை விழாது. மையத்தில் ரேகை எடுத்த பெண் பொறுமையாகத் துணியில் துடைத்து, ஈரப்படுத்தி, திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார். கடைசியில் ஒருவழியாக விழுந்தது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கையில் தேங்காயெண்ணெய் தடவி, முடிந்தால் காட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாசத்துக்குச் செல்லும் என்பதால் அடுத்த முறை அந்தத் தொல்லை இருக்காது.

விண்ணப்பம் கொடுத்தபின் காத்திருக்கிற நாளில் வெசனம் வேறு பக்கம் திரும்பியது. எங்களிடம் உள்ள மாடுகளில் ஒன்று என் கையைத் தவிர வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்து அக்கா கறக்க ஒத்துக்கொண்டார். முதல் நாள் அவர் உட்கார, மாடு வாளியை எத்திவிட்டது. பிறகு ஒரு வாரம் நான் முன்னால் நின்று தவிடு காட்ட, அவர் கறந்தார். அடுத்த வாரம் நான் கட்டுத்தரை ஓரத்தில் நின்றேன். அப்புறம் வீட்டுக்குள் இருந்துகொண்டேன். இப்போது கறக்கிறது, அரை லிட்டர் குறைச்சலாக. போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது, ஜெர்மனியிலிருந்தே போட்டு நிறுத்தலாம் என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். “மூணரை மணி நேரம் கணக்குப் போட்டு நீ மோட்டார் போடறதுக்குள்ள தென்னை காஞ்சிரும், என்கிட்டயே உடு” என்றான்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை நிறுத்திவிட்டது. மறுபடி புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லினில் கோர்ட்டுக்குப் போகலாம். நம்மைப் போன்றவர்களுக்கு முதலாவதுதான் வழி. ஆகவே முதல் தடவையே கோப்பை முழுசாகக் கொடுப்பது நல்லது.

பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. விசா ஒட்டியிருந்தது. அதில் ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள். தங்கும் நாள் என்று 30 போட்டிருக்கும். ஆனால் செல்லுபடியாகும் தேதி அதைவிடப் பதினைந்து நாள் தள்ளி இருக்கும். பயணம் முன்பின் ஆனால் சமாளிக்க விடும் இடைவெளி அது. கடைசித் தேதி வரை தங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து முப்பதுதான்.

டிக்கெட் போட்டாயிற்று, சென்னையிலிருந்து நேராக ஃபிராங்க்ஃபர்ட். இப்போது சண்டை பெட்டியில். எங்கள் அம்மா மருமகளுக்கென்று வெண்ணெய் சேர்த்துச் சேர்த்து உருக்கிய நெய்யை வைத்தே தீருவேன் என்கிறார். பாலில் செய்தது, கறியில் செய்தது எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. எடுத்து வீசிவிடுவார்கள் என்றால், “நெய்யை எவனாவது வீசுவானா?” என்கிறார். பச்சைக் கறிவேப்பிலையையும் பூச்சி நோய் இல்லை என்ற அரசுச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள். மாம்பழமும் அப்படித்தான். சித்திரையில் போகிற எனக்கு இது ஒரு குறைதான். நம் காட்டு மஞ்சள் தூள், செலவு ரசப்பொடி, கொள்ளு, காய்ந்த சுண்டைக்காய் வற்றல் எல்லாம் கட்டியாயிற்று. இது போதாதென்று ஒறம்பரை ஒருவர், மகன் அங்கே படிக்கிறான் என்று ஒரு பார்சல் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பையன் இருக்கிற ஊர் அவள் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் ஆறு மணி நேரமாம். பிரித்துப் பார்த்தால் அதிலும் ரெண்டு பாட்டில் நெய்.