கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தைப் பாருங்கள்

ஓய்வுபெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் கையெழுத்திட்ட பந்து ஒன்று விலைக்கு வந்தால், நம் கண் நேராக எழுத்தின் சுழிகளுக்குத்தான் போகும். ஆனால் சுழிகளைப் பழகிவிடலாம். பந்தும் மையும் அந்தக் காலத்தோடு பொருந்த வேண்டுமே, போலி செய்பவர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள். 1999 வரை இரண்டுக்கும் தனித்தனிப் பந்து. அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து அதில் அச்சாகியிருக்கும். பந்தின் வயதை அதுவே சொல்லிவிடும். அமெரிக்கன் லீக்கில் வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரை, ஜோ குரோனின் 1973 வரை, லீ மெக்ஃபெயில் 1983 வரை, பாபி பிரவுன் 1984 முதல் 1994 வரை. நேஷனல் லீக்கில் ஃபோர்டு ஃப்ரிக் 1934 முதல் 1951 வரை, வாரன் கைல்ஸ் 1969 வரை, சப் ஃபீனி 1970 முதல் 1986 வரை. இந்த ஏழு பெயர்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிறையப் பணம் மிஞ்சும்.

பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். குரோனின் பெயர் அச்சான பந்தில் அவர் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடலாம். ராஜர் மாரிஸ் 1985 டிசம்பரில் போய்விட்டார். பாபி பிரவுன் பந்தில் அவர் கையெழுத்து இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கான காலம் முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை. அப்படி ஒன்று வந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ரொபெர்ட்டோ கிளெமெண்டே விஷயம் இன்னும் நுணுக்கமானது. அவர் 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். ஃபீனி பெயர் இருப்பதால் மட்டும் பந்து சரியாகிவிடாது, தயாரித்த நிறுவனத்தையும் பாருங்கள். நேஷனல் லீக் பந்தை 1976 வரை செய்தது ஸ்பால்டிங். ராலிங்ஸ் வந்தது 1977இல். ராலிங்ஸ், ஃபீனி இரண்டு பெயரும் உள்ள பந்தில் கிளெமெண்டே கையெழுத்துப் போட்டிருக்கவே முடியாது.

2000 முதல் இரு லீக்குக்கும் ஒரே பந்து, அதில் மேஜர் லீக் பேஸ்பாலின் தலைவரான கமிஷனரின் பெயர். முதலில் பட் செலிக், 2015 முதல் ராப் மேன்ஃப்ரெட். ஸ்டான் மியூசியல் 2013 ஜனவரியில் காலமானார் என்பது தெரிந்தால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

மைக்கும் இதே கணக்குதான். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் கடைசியில். லூ கெரிக் இறந்தது 1941இல். ஷார்பி மார்க்கர் 1964இல் அறிமுகமானது, டை காப் 1961இலேயே இறந்துவிட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பால்பாயிண்ட் தோலில் மெல்லிய பள்ளம் போட்டுக்கொண்டு போயிருக்கும். மார்க்கர் மை பள்ளம் போடாது, தோலுக்குள் ஊறிப் பக்கவாட்டில் பரவும். அதனாலேயே பந்தில் ஷார்பி கூடாது. வாங்கிய அன்று பளிச்சென்று இருக்கும், சில வருடங்களில் எழுத்தைச் சுற்றி மங்கலான நிழல் படரும். நீல பால்பாயிண்ட்தான் பந்துக்குச் சரி. தையல்கள் நெருங்கி வரும் இடத்தில், அச்சு இல்லாத பக்கத்தில், ஒரே ஒரு கையெழுத்து இருப்பதைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அணி முழுவதும் கையெழுத்திட்ட பந்து என்றால் அந்த இடம் வழக்கமாக அணியை நடத்தும் பயிற்சியாளரான மேனேஜருக்கு.

ஆட்டக்காரரின் படம் அச்சான பேஸ்பால் கார்டுகளுக்கு இதற்கு நேர்மாறு, அங்கே ஷார்பிதான் நல்லது. டாப்ஸ் நிறுவனத்தின் பழைய கார்டுகளைப் போலப் பூச்சில்லாத அட்டை மையை உடனே குடித்துவிடும். பளபளப்பான கார்டில், உதாரணமாக 1989இல் அப்பர் டெக் நிறுவனம் கொண்டுவந்தவற்றில், மை நிற்காமல் முத்துமுத்தாகத் திரண்டுவிடும். கார்டை ஆட்டக்காரருக்கு அனுப்புவதற்கு முன் கையெழுத்து விழ வேண்டிய இடத்தை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், அல்லது துளி பேபி பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தடவித் துடைத்துவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும். கையெழுத்தானதும் ஒரு நாளாவது திறந்த நிலையில் காயவிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் மை உறையில் ஒட்டிக்கொண்டு வரும்.

பெரிய நட்சத்திரமல்லாத, எழுபது எண்பது வயது ஆட்டக்காரர்களிடம் தபாலில் கேட்பதுதான் சிறந்த வழி. செலவு குறைவு என்பதோடு, கார்டு உங்கள் கையிலிருந்து போய் உங்கள் கைக்கே வருகிறது. கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம், ஒன்று அல்லது இரண்டு கார்டு, உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய திருப்பு உறை, அவ்வளவுதான். அவர் ஆடிய ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் பெயரைச் சேர்த்து எழுதித் தரச் சொன்னால், விற்பதற்காகக் கேட்கவில்லை என்று அவருக்குப் புரியும். கார்டைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள், வளையாத கடிதத்துக்கு அமெரிக்கத் தபாலில் கூடுதல் கட்டணம். இரண்டு மெல்லிய அட்டைகளுக்கு நடுவே வைத்தால் போதும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அனுப்புகிறவர்கள் திருப்பு உறையில் அமெரிக்காவின் குளோபல் ஃபார்எவர் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அது ஒரு அவுன்ஸ் வரை எந்த நாட்டுக்கும் செல்லும். பதில் பத்து நாளிலும் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம், வராமலும் போகலாம். இழக்க முடியாத கார்டை அனுப்பாதீர்கள்.

சான்றிதழில் இரண்டு வகை உண்டு, இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பி.எஸ்.ஏ, ஜே.எஸ்.ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் பழைய கையெழுத்தைப் பார்த்துச் சொல்வது அனுபவமுள்ள கருத்து. மேஜர் லீக் பேஸ்பால் 2001இல் தொடங்கிய திட்டத்தில் அவர்களுடைய ஆள் நேரில் நின்று பார்த்த பிறகே ஹோலோகிராம் ஒட்டுவார்கள், அதிலுள்ள எண்ணை அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கலாம். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ 1990களின் இறுதியில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் பிடித்த போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பாலும் இருந்தது. சான்றிதழோடு வந்தால் மக்கள் எதையும் நம்புவார்கள் என்று அந்தக் கும்பல் கணக்குப் போட்டிருந்தது.

பந்தை வெறும் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசையே பின்னால் பழுப்புக் கறையாகும். வார்னிஷ், ஷெல்லாக் எதுவும் பூச வேண்டாம். அந்தக் காலத்தில் பாதுகாப்பு என்று நினைத்து ஷெல்லாக் பூசிய பந்துகள் இன்று மஞ்சளேறிக் கிடக்கின்றன. புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடிப் பெட்டியும் வெளிச்சத்தை முழுதாக நிறுத்தாது. ஜன்னல் பக்கம் போகாத அலமாரியில், ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாமல் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்றை வைத்து மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு முறை பாருங்கள்.